அறுபத்தெட்டு கே, பதினைந்து கே

அவரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்கிறேன். நல்லவர் என்று தொடங்கினால் அடுத்த வரிக்குள் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. கல்மனசுக்காரி என்று தொடங்கினால் கை கூசுகிறது. ஆறு வருஷம் ஒரே மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறோம். இன்றுவரை எனக்கு அவர் பிடிபடவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். அவர் அதை விரும்பமாட்டார் என்று நினைக்கிறேன். அதுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

பெஹாலாவில், டிராம் டிப்போவிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளம்தான் எங்கள் கம்பெனி. மொத்தம் பன்னிரண்டு பேர். நர்சிங் ஹோம்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற இன்டர்காம் செய்துகொண்டிருந்தோம். நோயாளி பட்டனை அழுத்திக்கொண்டு பேசினால், நர்ஸ் மேஜையில் இருக்கிற ஸ்பீக்கரில் குரல் கேட்கும். அவ்வளவுதான் சாமான். பாகங்கள் வாங்குவதும், செய்து முடித்த போர்டுகளைச் சோதித்து அனுப்புவதும் என் வேலை. சர்க்யூட் போடுவது அவர் வேலை. எங்கள் இரண்டு பேரையும் தவிர மற்றவர்கள் எல்லோரும் வங்காளிகள். அவர்கள் அவரை 'தீதி', அதாவது அக்கா, என்பார்கள். எங்களுக்குள் தமிழ்தான். இரண்டு பேருக்கும் ஒரே வயது, முப்பத்தெட்டு. ஆனாலும் கடைசிவரை 'நீங்க, வாங்க'வைத் தாண்டவே இல்லை. நான் லேக் மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிற குடும்பத்தில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவர் கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அவர் தமிழில் பாதி வார்த்தைக்கு இந்தி வந்துவிடும், கோபம் வந்தால் தெலுங்கு.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மைக்கிலிருந்து வருகிற மெல்லிய குரலைப் பெரிதாக்க ஒரே ஒரு டிரான்சிஸ்டர் வைத்து ஒரு சர்க்யூட் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு நாலு ரெசிஸ்டர் வேண்டும். என்னென்ன மதிப்பு என்று தெரிந்தால்தான் நான் சாந்தினியில் இருக்கிற எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் வாங்கிவர முடியும். பேப்பரும் பேனாவுமாக அவர் எதிரில் போய் நின்றேன்.

"குரல்னா மேலயும் போகும், கீழயும் போகும்," என்றார், கணக்குப் போட்டுக்கொண்டே. "அதனால பேச்சே இல்லாதப்ப டிரான்சிஸ்டரை நடுவுல நிறுத்தி வெச்சிருக்கணும். ரொம்ப மேல நின்னா மேல போறப்ப தலை இடிக்கும். ரொம்பக் கீழ நின்னா கீழ இடிக்கும். நடுவுல நிறுத்தறதுக்குத்தான் இந்த நாலும்."

அது எனக்கும் டிப்ளமோவில் படித்ததுதான். "சரி, எவ்வளவு?" என்றேன்.

"எமிட்டர்ல ஒரு வோல்ட் வைக்கறேன்."

"ஏன் ஒரு வோல்ட்?"

நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டது போலவும் இல்லை, நல்ல கேள்வி கேட்டுவிட்டது போலவும் இல்லை. "வெச்சேன்," என்றார்.

"முக்கால் வெச்சா?"

"அதுவும் ஓடும்."

"ஒண்ணரை?"

"அதுவும் ஓடும். ஆனா ஏதாவது ஒண்ணை நாம வெச்சாத்தான் மத்ததெல்லாம் வரும். ஒரு வோல்ட், ஒரு மில்லி ஆம்ப். அப்ப எமிட்டருக்கு ஒரு கே. கலெக்டருக்கு நாலு புள்ளி ஏழு. பேஸுக்குக் கீழ பதினாறரை கே வருது, கடையில பதினஞ்சுதான் கிடைக்கும், பதினஞ்சு. மேல எழுபத்து மூணு வருது, கிடைக்கறது அறுபத்தெட்டு. எழுதிக்கோங்க. அறுபத்தெட்டு கே, பதினஞ்சு கே."

எழுதிக்கொண்டேன். எமிட்டர், கலெக்டர், பேஸ் மூன்றும் டிரான்சிஸ்டரின் கால்கள், கே என்றால் ஆயிரம் ஓம். பஸ்ஸில் போகும்போது முழுக்க எனக்கு அதுவே ஓடிக்கொண்டிருந்தது. முதல் எண்ணுக்குக் காரணமே கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. இதைச் சரி என்று எடுத்துக்கொள்வதா, ஏமாற்று என்று எடுத்துக்கொள்வதா?

பிறகுதான் தெரிந்தது, அவர் எல்லாவற்றையுமே அப்படித்தான் செய்வார் என்று. முதலில் ஒன்றை வைத்துவிடுவார். அதற்குக் காரணம் கேட்டால் இருக்காது. வைத்த பிறகு அது நகராது.

ஒரு துர்கா பூஜையின்போது, அஷ்டமி அன்று மத்தியானம், என்னையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு பந்தல் பார்க்கக் கிளம்பினார். வீட்டு வாசலிலேயே "ஏழு" என்றார். ஏழு பந்தல் பார்க்கப்போகிறோம் என்று அர்த்தம். பெஹாலாவில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. வெயிலில் வரிசையில் நின்று, தள்ளுமுள்ளுப் பட்டு, ஏழாவதையும் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், அந்த வருஷம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த பந்தல். முழுக்க முழுக்க மூங்கில் கூடைகளாலேயே கட்டியது. வரிசைகூட அவ்வளவு இல்லை. என் மகள் குதித்தாள்.

"ஏழு ஆயிடுச்சே," என்றார் அவர்.

"ஆன்ட்டி, எதிர்லயே இருக்கு!"

"நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்க நிக்கறேன்."

நிஜமாகவே நின்றார். நாற்பது நிமிஷம், பானிபூரி போல ஃபுச்கா விற்கிற ஒரு வண்டிக்குப் பக்கத்தில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. நாங்கள் திரும்பி வந்தபோது முகத்தில் வருத்தமும் இல்லை, ஜெயித்த பாவமும் இல்லை. "நல்லா இருந்துதா?" என்று மகளிடம் கேட்டு, அவள் சொன்னதையெல்லாம் ஆசையாகக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

அப்போது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் சிரிப்பு வரவில்லை.

மகளுக்கு டெங்கு. எட்டு நாள் ஆஸ்பத்திரி. முதல் நாளே வந்து, "நாலுலேர்ந்து ஆறு என்னோடது. நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சுச் சாப்பிட்டு வாங்க," என்றார். எட்டு நாளும் நாலு மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தாமல் வந்தார். மகளின் காலைப் பிடித்துவிடுவார். வங்காளி நர்ஸ்களிடம் அவர்கள் மொழியிலேயே சண்டை போட்டு விரிப்பு மாற்ற வைப்பார். என் சொந்த நாத்தனார் செய்யவில்லை அதை. ஆறாம் நாள் நிலைமை மோசமாகிவிட்டது. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே வந்தது. சாயங்காலம் ரிப்போர்ட் ஆறே கால் மணிக்கு வரும் என்றார்கள். என் கணவர் கடையை மூடிவிட்டு வந்துகொண்டிருந்தார், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். என்னோடு இருந்தது இவர் ஒருவர்தான், இவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி ஆனதும் அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"ரிப்போர்ட் வர வரைக்கும் இருங்களேன்," என்றேன்.

"ஆறு ஆயிடுச்சு," என்றார். என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் நான் மறக்கவே இல்லை. மறுநாள் நாலு மணிக்கு, ஒன்றுமே நடக்காதது போல, சாத்துக்குடிப் பழத்தோடு வாசலில் நின்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கதவைச் சாத்தவும் தோன்றியது.

அவர் கணவர் அலிப்பூர் கோர்ட்டில் குமாஸ்தா. பிரிந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒருமுறை டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே நாலே வாக்கியத்தில் அதைச் சொன்னார்: "எங்கம்மா என்கூடத்தான் இருப்பாங்கன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே வெச்சுட்டேன். அவர் சரின்னார். நாலு வருஷம் கழிச்சு முடியாதுன்னார். சரி, போங்கன்னேன்." அந்த அம்மாவே ஒருநாள் மெல்லிய குரலில் என்னிடம் சொன்னார்: "நான் தம்பி வீட்டுக்குப் போயிடறேன்னு எத்தனையோ தரம் சொன்னேம்மா. எனக்கு அங்க இருக்கத்தான் ஆசை. இவ காதுலயே வாங்கலை." யாருக்காக யார் இருந்தார்கள் என்று எனக்குக் குழம்பிவிட்டது.

இனி அந்த ரெசிஸ்டர் விஷயம்.

எங்கள் இன்டர்காம் ஒன்பது வோல்ட் பாட்டரியில் ஓடுவது. பாட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று நர்சிங் ஹோம்களிலிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. முதலாளி குரலை உயர்த்தாத மனுஷர். "ஏதாவது செய்யுங்க," என்று மட்டும் சொன்னார். அந்தச் சமயம் பார்த்து, சர்க்யூட் போட்டவர் தன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நாலு நாள் லீவில் இருந்தார். நானே யோசித்தேன். பேஸுக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற அந்த இரண்டு ரெசிஸ்டர் வழியாகச் சும்மாவே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பத்து மடங்கு பெரிதாக்கிவிட்டால் அது பத்தில் ஒன்றாகிவிடும். அறுபத்தெட்டுக்குப் பதில் அறுநூற்றெண்பது, பதினைந்துக்குப் பதில் நூற்றைம்பது. விகிதம் அதே விகிதம்தானே? பிரிகிற வோல்டேஜும் அதேதானே?

பத்து போர்டில் மாற்றிப் பார்த்தேன். எல்லாம் ஓடியது. மீட்டரில் கரண்ட் நான் எதிர்பார்த்ததைவிடவே நன்றாகக் குறைந்திருந்தது. ஏன் அவ்வளவு குறைந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கேட்கவில்லை. இனி இந்த மதிப்புகள் என்று மாற்றச் சீட்டு எழுதி, அவர் கையெழுத்துக்காக மற்றச் சீட்டுகளோடு ஃபைலில் வைத்தேன்.

அவர் திரும்பி வந்த காலையில் ஃபைலை அவர் முன்னால் வைத்தேன். அதே நேரம் எனக்கு ஒரு போன் வந்தது. ஜன்னல் பக்கம் போய்ப் பேசினேன். கடைக்காரர், நாங்கள் வழக்கமாக வாங்குகிற டிரான்சிஸ்டர் இல்லை, அதே நம்பரில் வேறு கம்பெனிச் சரக்கை அனுப்பட்டுமா என்றார். அனுப்புங்கள் என்றேன். திரும்பி வந்தபோது எல்லாச் சீட்டிலும் கையெழுத்து இருந்தது. அவர் சோல்டரிங் அயர்னை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். என் சீட்டைப் படித்துவிட்டுப் போட்டாரா, புரட்டிக்கொண்டே போட்டாரா, நான் பார்க்கவில்லை.

ஜனவரியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு முதலாளி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நாங்கள் இன்டர்காம் போட்டிருந்த ஒரு நர்சிங் ஹோமின் மேனேஜர், ஒரு செட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காலை, பித்தப்பை ஆபரேஷன் ஆன எழுபத்தொரு வயதுக்காரர் ஒருவர் பாத்ரூம் போக வேண்டும் என்று பட்டனை அழுத்திக் கூப்பிட்டிருக்கிறார். நர்ஸ் மேஜையில் கரகரவென்று சத்தம் மட்டும் வந்திருக்கிறது. செட் கெட்டுப்போயிற்று என்று நினைத்து, அந்தப் பெண் எலெக்ட்ரீஷியனுக்கு போன் செய்யப் போயிருக்கிறாள். பெரியவர் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே இறங்கியிருக்கிறார். விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது.

"செட் நல்லாத்தான் இருந்துது," என்றேன் வங்காள மொழியில். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நானே டெஸ்ட் பண்ணினது." மைக்கை வாங்கி, எப்போதும் போல, "ஹலோ, ஏக், துய், தீன்," என்றேன். ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. மேனேஜர் முகம் சுருங்கியது.

என்னோடு வந்திருந்த அவர் என் பக்கம் திரும்பினார். "கத்துங்க," என்றார் தமிழில்.

"என்ன?"

"யாரும் வரலேன்னா எப்படிக் கூப்பிடுவீங்க? அப்படிக் கத்துங்க."

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன். ஸ்பீக்கரில் என் குரல் உடைந்து, துண்டு துண்டாகி, தகர டப்பாவை இழுத்துக்கொண்டு போவதுபோல் வந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை.

அவர் மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தார். நாலரை வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஏழரை இருந்தது. மெதுவாகப் பேசினால் போதும், இடம் இருக்கிறது. கத்தினால் தலை இடிக்கும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. டிரான்சிஸ்டரின் பேஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். பழைய ரெசிஸ்டர்களில் தாராளமாக ஓடிக்கொண்டிருந்ததால் அது குடித்தது தெரியவில்லை. நான் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டேன். நான் சோதித்த பத்தும் திறமையான டிரான்சிஸ்டர்கள், கொஞ்சம் குடித்தாலே வேலை செய்துவிட்டன. புதிய சரக்கு அப்படி இல்லை. விகிதம் அதேதான், ஆனால் விகிதம் மட்டும் போதாது. எந்த டிரான்சிஸ்டர் வந்தாலும் நடுவில் நிற்கட்டும் என்றுதான் அவர் அந்த மதிப்புகளை வைத்திருந்தார்.

அவர் குனிந்து ரெசிஸ்டர்களைப் பார்த்தார். மதிப்பைக் காட்டுகிற மூன்றாவது வண்ணப்பட்டை ஆரஞ்சாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தது. நானும் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

நிமிர்ந்து முதலாளியிடம், "இந்த வேல்யூ நான் போட்டது. தப்பு என்னோடது," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். அந்த அறையில் குறைந்தது இருபது நிமிஷம் இருந்தோம்.

மாற்றிய செட்டுகள் போயிருந்தது அந்த ஒரு நர்சிங் ஹோமுக்குத்தான், நாற்பத்திரண்டு கட்டில். அவரே கட்டில் கட்டிலாகப் போய் ரெசிஸ்டர்களை மாற்றினார். நான் பை தூக்கிக்கொண்டு கூடப் போனேன். ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு, "கத்துங்க," என்பார். முதல் நாள் வெட்கமாக இருந்தது. நோயாளிகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கத்துவேன். இரண்டாம் நாள் ஒரு பெண் நோயாளி, "நான் கத்தறேன்," என்று வாங்கி, புருஷன் பெயரைச் சொல்லிக் கத்தினார், வார்டே சிரித்தது. அயர்னும் கையுமாக அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குக் கேட்கத் துணிச்சல் வந்தது.

"கையெழுத்துப் போடறப்பப் பாத்தீங்களா?"

"எதை?"

"என் சீட்டை. அறுநூத்தெண்பதை."

சூட்டில் உருகுகிற ஈயத்தைப் பார்த்துக்கொண்டே, "தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?" என்றார்.

"பாத்திருந்தீங்கன்னா தப்பு ரெண்டு பேரோடது. பாக்கலேன்னா என்னோடது மட்டும். எனக்கு அது தெரியணும்."

"ரெண்டும் இல்லை. என்னோடதுன்னு வெச்சாச்சு. இனிமே அதுல கை வைக்காதீங்க."

"அது சர்க்யூட் இல்லைங்க. ஒரு மனுஷன் காலு."

அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "அடுத்த கட்டில் எந்த நம்பர்?" என்றார்.

வேலை முடிந்த மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் மேஜைக்கு வந்து விடைபெறக்கூட இல்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்களே ஏத்துக்கிட்டப்புறம் நீ எதுக்கு?" என்றார். ஆனாலும் இரண்டு நாள் கழித்து முதலாளி அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன், வேல்யூவை மாற்றியது நான், அவர் லீவில் இருந்தார், சோதித்ததும் நான் என்று.

முதலாளி உட்காரச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு கனிவு வந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பயமாகிவிட்டது.

"நீங்க வருவீங்கன்னு தீதி சொல்லிட்டுத்தான் போனாங்க," என்றார். "'அவங்க இரக்கப்பட்டு எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்க வருவாங்க, நம்பாதீங்க'ன்னாங்க."

"சார், அந்தச் சீட்டு நான் எழுதினது. எடுத்துப் பாருங்க."

"பாத்தேன். தான் போன்ல சொல்லச் சொல்ல நீங்க எழுதினீங்கன்னு சொன்னாங்க. போங்க, போய் வேலையைப் பாருங்க. நல்ல மனசு உங்களுக்கு."

வெளியே வந்து பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன். எனக்கு வந்தது நன்றி இல்லை, கோபம். அவர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். ஆனால் நான் உண்மையைச் சொல்ல முடியாதபடி அல்லவா சொல்லியிருக்கிறார்? என்னைக் காப்பாற்றினாரா? அல்லது தான் வைத்தது நகரக்கூடாது என்று, குறுக்கே வந்த என்னையும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டாரா? போன் செய்தேன். எடுக்கவில்லை. பெஹாலாவில் அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. அம்மாவும் மகளும் கரக்பூர் போய்விட்டார்கள் என்றார் கீழ்வீட்டு அம்மாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "சாமானெல்லாம் போயிடுச்சே," என்றார்.

என் வார்த்தையை நம்பக்கூடிய ஒரே ஒரு ஆள்தான் பாக்கி இருந்தார். நர்சிங் ஹோம் ரிசப்ஷனில் இருந்த பெண்ணைக் கெஞ்சி, விழுந்த பெரியவரின் விலாசம் வாங்கினேன். டாக்குரியாவில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். மருமகள் கதவைத் திறந்தாள். பெரியவர் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து, கால்மேல் போர்வையோடு இருந்தார். போஸ்ட் ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். பக்கத்தில் வாக்கர் நின்றது.

"மேஷோமொஷாய்," என்றேன். வயதானவர்களை இங்கே அப்படித்தான் அழைப்போம். "நர்சிங் ஹோமில் உங்க குரல் கேட்காம போச்சே, அந்த செட்ல ஒரு மதிப்பை மாத்தினது நான். என்னாலதான் நீங்க விழுந்தீங்க."

அவர் கால்மேல் இருந்த போர்வையைச் சரிசெய்துகொண்டார்.

"போன வாரமும் ஒரு பொண்ணு வந்தா," என்றார். "கரக்பூர்லேர்ந்து ரயில் ஏறி வந்தாளாம். மதராஸிதான், உன்னை மாதிரி. அவளும் இதையேதான் சொன்னா. உங்க ரெண்டு பேர்ல யாரு?"

"நான்," என்றேன். "அவங்க இல்லை. அவங்க வெச்சது சரியா இருந்துது. நான்தான் மாத்தினேன். புது டிரான்சிஸ்டர் வாங்கினதும் நான். சத்தமாப் பேசிப் பாக்காம அனுப்பினதும் நான்."

அவர் நம்பினார். எப்படி என்று தெரியாது. ஆனால் நம்பியது முகத்தில் தெரிந்தது. ஏனென்றால் அவருக்குக் கோபம் வந்தது. "நான் எத்தனை தரம் கூப்பிட்டேன் தெரியுமா உனக்கு?" என்றார். அன்று காலை அந்தக் கட்டிலில் எப்படி இருந்தது, வயிற்றில் தையலோடு எப்படிப் பொறுத்துக்கொண்டு இருந்தார், படுக்கையிலேயே போய்விடுமோ என்று எப்படி வெட்கப்பட்டார், விழுந்த பிறகு தரையில் எந்த நிலையில் கிடந்தார், எல்லாவற்றையும் சொன்னார். நடுநடுவே என்னைத் திட்டினார். மருமகள் ஓடிவந்து, "பாபா, போதும், பிரஷர் ஏறும்," என்றாள். அவர் நிறுத்தவில்லை. கால் மணி நேரம் இருக்கும். நான் நின்றுகொண்டே கேட்டேன். கடைசியில் மூச்சு வாங்க, "போ," என்றார். வந்துவிட்டேன்.

ஸ்டேஷன் மேம்பாலத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபோது, ஒரு மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது. கரக்பூரில் இருந்தவருக்கு மறுபடி போன் செய்தேன். இந்தத் தடவை எடுத்தார்.

"டாக்குரியா போயிருந்தேன்," என்றேன்.

எனக்குக் கீழே ரயில் ஒன்று கடந்து போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தார் போலிருக்கிறது.

"திட்டினாரா?" என்று கேட்டார்.

"ரொம்ப."

நான் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. சீட்டைப் பார்த்தீர்களா, முதலாளியிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள், போகும்போது என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார். அப்படியொரு குரலில் அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. வழி தெரியாத ஊரில் இறங்கிவிட்ட ஒருத்தியின் குரல்.

"என்னைத் திட்டவே இல்லைங்க," என்றார். "எல்லாத்தையும் கேட்டுட்டு, மருமகளைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். பிஸ்கட்டெல்லாம் வெச்சாங்க. நான் குடிச்சேன். அதுக்கப்புறம் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியலை. டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்."